ராத்திரி தெளிவு, சாயங்காலம் மங்கல்: ராணிப்பேட்டை வீடொன்றில் ஆறு மீட்டர் வெள்ளிக் கேபிள் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பழைய வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்து, 2019-ல் வேலூரிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது ராணிப்பேட்டை. ஊருக்குள் ஒரு மாடி வீடு. நாலைந்து தெரு தள்ளினால் தோல் பதனிடும் டேனரிகள். வீட்டுக்காரருக்கு வயது 61, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் கர்நாடக சங்கீதம், அதிலும் பழைய கச்சேரிப் பதிவுகள். கூட உட்கார்ந்து கேட்பது கல்லூரியில் படிக்கும் மகள்.

இசைக் கருவிகளின் அமைப்பு இப்படி இருந்தது. உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி. அதில் டிஜிட்டல் பதிவை அனலாக் மின் சிக்னலாக மாற்றும் டிஏசி, வெளியீட்டு மின்தடை 100 ஓம். அதன் கீழே மின்சாரமே தேவைப்படாத 'பாஸிவ்' வால்யூம் பெட்டி, உள்ளே 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். எதிர்ச் சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில், சிக்னலைப் பெருக்கி அவற்றை ஓட்டும் ஸ்டீரியோ பவர் ஆம்ப். அதன் உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம், பெருக்கம் 28 மடங்கு. வால்யூம் பெட்டியிலிருந்து பவர் ஆம்ப் வரை சுவரோரமாக 6 மீட்டர் இன்டர்கனெக்ட் கேபிள்.

ஆய்வுக்கு எட்டு மாதம் முன்புவரை அந்த 6 மீட்டருக்குச் சாதாரண ஷீல்டு ஒயர்தான் ஓடியது. பிறகு விற்பனையாளர் ஒருவர் பரிந்துரைத்த தூய வெள்ளிக் கேபிள் வந்தது. ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலை. பழைய ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டதால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் போனது.

புகார்கள்

கேபிள் வந்த அன்று இரவு பத்தரை மணிக்கு, அக்கம்பக்கம் தூங்குகிற நேரமாதலால் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். இருவருக்கும் மனநிறைவு. மறுநாள் மாலை வழக்கமான சத்தத்தில் வைத்தபோதுதான் மகள் சொன்னார்: "அப்பா, ராத்திரி நல்லாத்தான இருந்துச்சு? இப்ப ஜால்ரா மேல துணி போட்டு மூடின மாதிரி இருக்கு."

இதே வித்தியாசம் நாள்தோறும் தொடர்ந்தது. விற்பனையாளரிடம் கேட்டதற்கு, "ராத்திரியில கரண்ட் சுத்தமா இருக்கும் சார், சாயங்காலம் ஊரே லைட் போடும்" என்ற பதில் கிடைத்தது. அதை நம்பி மின் வடிகட்டிப் பெட்டி ஒன்றும் வாங்கப்பட்டது. மங்கல் அப்படியே இருந்தது.

இரண்டாவது புகார் ஹம். பாட்டு நிற்கும்போது இரு ஸ்பீக்கரிலும் தாழ்ந்த உறுமல் கேட்டது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் பவர் ஆம்ப்பின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனைக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்த்தார். ஹம் நின்றது. ஆனால் இரண்டு நாள் கழித்து ஆம்ப்பைத் துடைத்த மகளுக்கு விரலில் ஷாக் தட்டியது. டேப்பை உடனே உரித்துவிட்டார்கள், ஹம் திரும்ப வந்தது. எர்த்தைக் கழற்றி ஹம்மை நிறுத்துவது இங்கே பரவலாக நடக்கிற வைத்தியம். ஆம்ப்பின் உள்ளே மின்மாற்றி பழுதானால், ஃபியூஸைப் போக்க வேண்டிய மின்னோட்டத்துக்குப் போக வழியிருக்காது. ஆம்ப்பின் உடலைத் தொடுகிறவர்தான் வழியாகிவிடுவார். அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்த ஆய்வில் வேறெதைப் படிக்கும் முன்பும் அந்த டேப்பை உரிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது சிறு புகார். பவர் ஆம்ப்பின் பின்புறம் இடது பிளக்கைத் தொட்டால் இரண்டு பக்கமும் ஹம் கூடும். இடது பிளக்கைத் தொட்டால் வலது ஏன் உறும வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குப் பெரும் புதிராக இருந்தது.

முதல் நாள்: ஹம் எங்கிருந்து வருகிறது

வேலூரிலிருந்து வந்த சோதனையாளர்கள் இருவர் முதலில் கேபிளைத் தொடவில்லை. சுவர் சாக்கெட்டுகளைப் பார்த்தார்கள். இரு சாக்கெட்டிலும் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள்தான் இருந்தது. அந்த அளவில் குறை இல்லை.

பிறகு பவர் ஆம்ப்பின் இரு உள்ளீட்டிலும் 'ஷார்ட் பிளக்' செருகப்பட்டது. ஆர்சிஏ பிளக்கின் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் உள்ளேயே இணைத்துச் செய்வது அது. ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் 0.5 மில்லிவோல்ட் காட்டியது. அதுதான் ஆம்ப்பின் சொந்த இரைச்சல், காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கும். அதன்பின் கேபிளை மட்டும் மாட்டி, மறுமுனையை ஷார்ட் செய்து வைத்தார்கள். அப்போதும் மாற்றமில்லை. ஆக, கேபிள் காற்றிலிருந்து எதையும் வாங்கவில்லை. வால்யூம் பெட்டியையும் டிஏசியையும் சேர்த்ததும் 24 மில்லிவோல்ட்டுக்கு ஏறியது.

டிஏசியின் பின்புறம் செருகியிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், கேபிள் டிவி செட்டாப் பாக்ஸிலிருந்து வந்த டிஜிட்டல் கோஆக்ஸ் ஒயரை (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உறையுள்ள ஒயர்) கழற்றியதும் ஹம் படுத்துவிட்டது. வழி புலப்பட்டது. கேபிள் டிவி கோஆக்ஸ் கம்பம் கம்பமாக ஏறி, பல வீடுகளின் பெட்டிகளைத் தொட்டு வருகிறது. அதன் வெளி உறையின் மின்னழுத்தம் இந்த வீட்டு எர்த்தோடு ஒத்துப்போகாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு செட்டாப் பாக்ஸ், டிஏசி, வால்யூம் பெட்டி வழியாக வந்து, கடைசியில் இன்டர்கனெக்டின் திரும்பு கம்பியில் (சிக்னல் திரும்பிப் போகும் எர்த் பக்கக் கம்பி) ஓடி, ஆம்ப்பின் எர்த்தில் இறங்குகிறது. திரும்பு கம்பியின் மின்தடையில் விழும் 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் பாட்டோடு தொடராகச் சேர்ந்துகொள்ள, ஆம்ப் அதை 28 மடங்கு பெருக்கித் தருகிறது.

இங்கேதான் கேபிளின் வடிவமைப்புக்கு வர வேண்டும். முனையைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே 0.25 மி.மீ. விட்டமுள்ள நான்கு வெள்ளிக் கம்பிகள் இருந்தன. மெல்லிய டெஃப்லான் உறை. இரண்டு சிக்னலுக்கு, இரண்டு திரும்புவதற்கு, நான்கும் இறுக்கமாக முறுக்கப்பட்டவை. மேலே ஒரு உலோகத் தாள் ஷீல்டு. அது வால்யூம் பெட்டிப் பக்கம் மட்டும் திரும்பு கம்பியோடு சேர்க்கப்பட்டு, ஆம்ப் பக்கம் வெட்டிவிடப்பட்டிருந்தது. உறையின் மேல் அச்சிட்டிருந்த அம்புக்குறிக்கு அர்த்தம் இவ்வளவுதான். வெள்ளிக்கு 'ஓடும் திசை' என்று ஒன்று கிடையாது. ஷீல்டு எந்தப் பக்கம் இணைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

திரும்பு பாதையின் மின்தடை வலது கேபிளில் 1.0 ஓம். இடதில் 1.4 ஓம், தொட்டால் தாவியது. வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் கம்பியை இவ்வளவு மெலிதாக இழுத்துவிட்டால் அந்த 6 சதவீதம் எதற்கும் உதவாது. சாதாரணச் செப்புப் பின்னல் வலை ஆறு மீட்டருக்கு 0.05 ஓம் அளவில்தான் நிற்கும்.

தொட்டால் இரு பக்கமும் உறுமிய புதிரும் இதிலேயே விடுபட்டது. ஆம்ப்பின் உள்ளே இரு சேனலின் எர்த்தும் ஒன்றுதான். இரண்டு திரும்பு கம்பிகளும் சேர்ந்தே அந்த ஹம் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. ஒன்று தொடர்பு விட்டால் சுமை முழுவதும் மற்றதில் விழுகிறது, பெட்டிக்கும் ஆம்ப்புக்கும் இடையிலான அழுத்தம் ஏறுகிறது, இரு சேனலும் உறுமுகின்றன. இடது பக்கப் பாட்டு நிற்கவில்லை என்பதற்கும் இதே காரணம்தான். அது வலது கேபிளின் திரும்பு கம்பியைக் கடன் வாங்கிக்கொண்டது.

கறுத்த பிளக்

வெள்ளி முலாம் பூசிய இடது பிளக்கின் வெளி வளையத்தை விளக்கருகே காட்டியபோது, மாட்டியிருந்த இடம் மட்டும் கோடு கோடாகப் பளிச்சிட்டது. மீதி எல்லாம் கரிபிடித்த பாத்திரம்போலக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் நீலம் கலந்த பழுப்பு. காப்பி கொண்டுவந்த வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஊர்ல வெள்ளி வெளுப்பா நிக்காது தம்பி. பூஜை ரூம் விளக்கையே மாசம் தவறாம விபூதி போட்டுத் தேய்க்கிறேன்."

வேதியியலும் அதையே சொல்கிறது. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும் இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். காற்றில் மிகச் சிறிய அளவு இருந்தாலே வெள்ளி கறுத்துவிடும். செம்பும் தப்பாது. மெல்லிய கறுப்புப் படலம் மட்டும் என்றால், பிளக்கைச் செருகும்போது உராய்ந்தே போயிருக்கும். இங்கே வளையத்தின் பிடியும் தளர்ந்திருந்தது. விரல் தடிமனுள்ள விறைப்பான கேபிள், தாங்க எதுவுமில்லாமல் மாதக்கணக்கில் சாக்கெட்டில் தொங்கியதன் விளைவு. பிடி தளர்ந்த இடத்தில் படலம் வளர்ந்திருக்கிறது.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குமே தவிர, சல்ஃபைடை எடுக்காது. வெள்ளிப் பாலிஷ் எடுக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் முலாமையும் கொஞ்சம் கொண்டுபோகும். இந்த ஊருக்கு ஏற்றது நிக்கல் மேல் தங்க முலாம் பூசிய பிளக். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

மங்கலின் கணக்கு

சாயங்காலம் கேட்கும் இடத்தில் வால்யூம் குமிழை நிறுத்தச் சொல்லி, டிஏசியைக் கழற்றிவிட்டு, வால்யூம் கன்ட்ரோலின் இரு பாதியையும் அளந்தார்கள். குமிழ் நிற்கும் இடம் அதன் 50 கிலோ ஓமை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கும். மேல்பகுதி 37.5, கீழ்ப்பகுதி 12.5 கிலோ ஓம். இந்த இரண்டோடு ஆம்ப்பின் 47 கிலோ ஓமையும் இணையாகச் சேர்த்தால், கேபிளைத் தள்ளி ஓட்ட வேண்டிய இடத்தின் மின்தடை 7.8 கிலோ ஓம். கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) மீட்டரில் கேபிள் 1,680 பிக்கோஃபாரட், அதாவது மீட்டருக்கு 280. ஆம்ப்பின் உள்ளீட்டில் சுமார் 120. மொத்தம் 1,800.

மின்தடையும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தால் அது மேல்சுருதியை வெட்டும் வடிகட்டி. வெட்டும் இடம் 1 வகுத்தல் 2π × மின்தடை × கெப்பாசிட்டன்ஸ். இங்கே அது 11.3 கிலோஹெர்ட்ஸ். கணக்குப்படி 5 கிலோஹெர்ட்ஸில் 0.8 டெசிபல், 10-ல் 2.5, 15-ல் 4.4 டெசிபல் குறைய வேண்டும். அளந்ததில் 10-ல் 2.6-ம் 15-ல் 4.5-ம் குறைந்திருந்தது. கணக்கும் அளவும் இவ்வளவு நெருங்கி வந்தபின் மர்மத்துக்கு இடமில்லை.

அளக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறலாம். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவை ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது. மீட்டரே குறைத்துக் காட்டும், பழி கேபிள்மேல் விழும். ஆஸிலோஸ்கோப் வேண்டும். அந்த ஸ்கோப்பின் சாதா ×1 ஒயரை ஆம்ப்பின் உள்ளீட்டில் வைத்தால் அதுவே நூறு பிக்கோஃபாரட் அளவில் சுமையேற்றும். ×10 புரோப் வைக்க வேண்டும், அல்லது இங்கே செய்ததுபோல ஸ்பீக்கர் முனையில் அளக்க வேண்டும்.

இனி இரவுத் தெளிவு. இரவில் குமிழ் நிற்கும் இடத்தில் மேல்பகுதி 47.5, கீழ்ப்பகுதி 2.5 கிலோ ஓம். இணைத்துப் பார்த்தால் வெறும் 2.3 கிலோ ஓம். வெட்டும் இடம் 39 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, 10 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.3 டெசிபல்கூட இல்லை. சுத்தமானது இரவு மின்சாரம் அல்ல. குமிழ் இறங்கியிருந்தது, அதனால் தெளிவு ஏறியிருந்தது. இதை வீட்டுக்காரருக்குக் காட்ட நண்பகலில் இரவு அளவுக்குக் குமிழை இறக்கிக் கேட்கச் சொன்னார்கள். கேட்டார். ஜால்ரா தெளிந்தது. மின் வடிகட்டிப் பெட்டியை அன்றே கழற்றிவிட்டார்.

முன்னிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

முதல் வழி, வால்யூம் பெட்டியை ஆம்ப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. அப்போது நீளக் கேபிளை ஓட்டுவது டிஏசியின் 100 ஓம். அதே வெள்ளிக் கேபிளின் வெட்டும் இடமும் சுமார் 950 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். செலவே இல்லை, மின்னியல்படி மிகச் சிறந்தது. ஆனால் சத்தம் கூட்டக் குறைக்க எழுந்து போக வேண்டும், வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. ரிமோட் கிடையாது. அது கைவிடப்பட்டது.

இரண்டாவது, வால்யூம் பெட்டிக்குள் ஒன்றுக்கு ஒன்று பெருக்கமுள்ள பஃபர் சுற்று வைப்பது. அது சிக்னலைப் பெரிதாக்காமல், கேபிளை ஓட்டும் மின்தடையை மட்டும் குறைக்கும். நல்ல வழி. ஆனால் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். புது அடாப்டர் என்றால் புது கசிவு மின்னோட்டம். ஹம் இன்னும் முழுதாக அடங்காத நிலையில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள்.

மூன்றாவது, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த, வலை தடித்த கேபிள். நுரை பாலிஎத்திலீன் நிரப்பிய 75 ஓம் கோஆக்ஸ் மீட்டருக்கு 54 பிக்கோஃபாரட் அளவில் நிற்கும். ஆறு மீட்டருக்கு 324, ஆம்ப்போடு சேர்த்து 444. அதே சாயங்காலக் குமிழில் வெட்டும் இடம் 46 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.2 டெசிபல். ஹம்முக்கும் மங்கலுக்கும் ஒரே மருந்து. இதுவே முடிவானது. செட்டாப் பாக்ஸுக்கும் டிஏசிக்கும் இடையே கோஆக்ஸுக்குப் பதில் ஆப்டிகல் ஒயர். ஒளி போகும், மின்சாரம் போகாது.

'75 ஓம்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியோவுக்கு அந்த எண்ணால் பயன் எதுவும் இல்லை. 20 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் கேபிளுக்குள் சுமார் 10 கிலோமீட்டர். வேலூர்க் கோட்டையிலிருந்து காட்பாடி ஜங்ஷன்வரை கேபிள் இழுத்தாலும் ஒரு அலை முழுதாக அடங்காது. அந்த எண் டிஜிட்டல் கோஆக்ஸுக்கும் வீடியோவுக்கும் முக்கியம். இங்கே வேண்டியது அந்தக் கேபிளின் குறைந்த கெப்பாசிட்டன்ஸும் தடித்த வலையும் மட்டுமே. வெள்ளிக்குச் சொல்லப்படும் 'ஸ்கின் எஃபெக்ட்' வாதமும் (அதிர்வெண் கூடினால் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில் ஒதுங்கும் என்பது) இப்படித்தான். 20 கிலோஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் அரை மி.மீ. ஆழம்வரை புகும். 0.8 மி.மீ. கம்பிக்கு அது போதும்.

கேபிள் செய்த விதம்

கடையில் சிசிடிவிக்கு விற்கும் கோஆக்ஸில் பெரும்பாலானவை வேலைக்கு ஆகாது. நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, வலை அலுமினியம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போது கையோடு ஒரு காந்தம் கொண்டுபோனார்கள். நடுக்கம்பி ஒட்டினால் இரும்பு. வலையில் ஒரு இழையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவந்தால் செம்பு, வெளுத்தே இருந்தால் அலுமினியம். அலுமினியத்தில் வழக்கமான ஈயம் ஒட்டவே ஒட்டாது. வாங்கியது 0.8 மி.மீ. செப்பு நடுக்கம்பியும், 95 சதவீத மறைப்புள்ள செப்பு வலையும் கொண்ட 13 மீட்டர். தங்க முலாம் பிளக் நான்கு. எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

மேலுறையை 12 மி.மீ. உரித்து, வலையை இழை அறாமல் பின்னுக்குத் தள்ளி, ஒரு பக்கமாக முறுக்கிச் சேர்த்தார்கள். நடுக்கம்பியை 6 மி.மீ. திறந்தார்கள். பிளக்கின் குழிக்கு முதலில் ஈயம் வைத்துக்கொண்டு, பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். 63/37 ஈயம், 0.8 மி.மீ. பருமன், முனை 340 டிகிரி, கம்பியில் சூடு இரண்டு நொடி. நுரை இன்சுலேஷனின் பலவீனம் இதில்தான். மூன்றாவது, நான்காவது நொடியில் நுரை இளகும், வளைந்து நிற்கும் கேபிளில் நடுக்கம்பி மெல்ல ஒதுங்கி வலையைத் தொடும். அன்று அளந்தால் சரியாக இருக்கும், மே மாத வெயிலில் ஷார்ட் ஆகும். ஆகவே ஆறும்வரை கேபிளை நேராகப் பிடிக்க வேண்டும். முதல் முனை ஒன்று இப்படிக் கெட்டு, 3 செ.மீ. வெட்டியெறிந்துவிட்டு மறுபடி வைக்கப்பட்டது. டப்பாவில் விற்கும் அமில ஃப்ளக்ஸ் பேஸ்ட் தொடவே கூடாது, மூட்டு ஓராண்டில் பச்சை பூக்கும்.

வலையின் மின்தடையை மல்டிமீட்டரால் நேரே அளக்க முடியாது, மீட்டர் ஒயரின் மின்தடையே அதைவிட அதிகம். பெஞ்ச் சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியர் வலையில் ஓடவிட்டு, இரு முனைக்கும் இடையே மில்லிவோல்ட் பார்த்தார்கள். 53 மில்லிவோல்ட், ஆகவே 53 மில்லி ஓம். கெப்பாசிட்டன்ஸ் ஒன்றில் 322, மற்றதில் 326.

கேபிளை மாட்டியபின் ஆம்ப்பின் பின்புறம் சுவரில் இரு கிளிப் அடித்து, பிளக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே கேபிளின் எடையைத் தாங்கவைத்தார்கள். வளைவுகளில் 6 செ.மீ. ஆரத்துக்குக் குறையவிடவில்லை.

திரைக்குப் பின்னால் மாற்றிக் கேட்டது

வீட்டுக்காரர் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்: "கணக்கு சரிதான். ஆனா வெள்ளிக்குன்னு ஒரு குணம் இருக்கா இல்லையா?" அதற்குக் கேட்டுத்தான் பதில் காண முடியும், எந்தக் கேபிள் ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும்.

முதல் சுற்று வீணானது. ஆம்ப் பக்கம் மட்டும் ரிலே (மின்சாரத்தால் மாறும் ஸ்விட்ச்) வைத்து மாற்றினார்கள். எந்தக் கேபிள் என்று சொன்னதில் தந்தைக்கு 16 முறையில் 8 சரி, மகளுக்கு 7. "ரெண்டுமே மங்கலாத்தான் இருக்கு" என்றார் மகள். அவர் சொன்னது சரி. வால்யூம் பெட்டிப் பக்கம் இரு கேபிளும் எப்போதும் மாட்டியே இருந்தன. கோஆக்ஸ் ஓடும்போதும் வெள்ளியின் 1,680 பிக்கோஃபாரட் சுமை பெட்டியின் தலைமேல்தான் இருந்தது. ஸ்விட்ச் பெட்டி வைத்து 'கேபிளில் வித்தியாசமே இல்லை' என்று முடிவு கட்டும் பல சோதனைகள் சறுக்கும் இடம் இதுதான்.

இரண்டாம் சுற்றில் இரு பக்கமும் ரிலே, இரண்டும் ஒரே நேரத்தில் மாறும்படி. ஹம் அளவு கேபிளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, இரு ரிலே பெட்டிகளின் எர்த்தையும் தடித்த செப்பு ஒயரால் நிரந்தரமாக இணைத்துவிட்டார்கள். தம்புராவும் ஜால்ராவும் உள்ள 30 நொடித் துண்டு ஒன்று. பக்கத்து அறையில் ஒருவர் நாணயம் சுண்டி முடிவு செய்வார், குறித்துக்கொள்வார். கேட்பவரின் கண்ணில் படமாட்டார். சாயங்காலக் குமிழில் மகளுக்கு 16-க்கு 16, தந்தைக்கு 13. குத்துமதிப்பாகச் சொல்லி 12-ம் அதற்கு மேலும் சரியாக வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கும் குறைவு. 61 வயதில் மேல்சுருதி காது மங்குவது இயல்பு. தந்தையின் 13-க்கு அந்த 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் சுற்றில் வால்யூம் பெட்டியை விலக்கி, டிஏசியின் சொந்த வால்யூமில் 100 ஓம் நேரே கேபிளை ஓட்டும்படி வைத்தார்கள். மகளுக்கு 9, தந்தைக்கு 7. அதே வெள்ளி, அதே ஆறு மீட்டர். எதிர்முனையில் தள்ளுகிற மின்தடை குறைந்ததும் இரண்டையும் பிரிக்க இருவராலும் முடியவில்லை. தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கோஆக்ஸையே வைத்துவிடச் சொன்னார்.

அதன்பின்

ஸ்பீக்கர் முனையில் ஹம் இப்படி இறங்கியது. தொடக்கத்தில் 24 மில்லிவோல்ட். செட்டாப் ஒயரை மட்டும் கழற்றியபோது 1.4. கோஆக்ஸ் கேபிளும் ஆப்டிகலும் சேர்ந்தபின் 0.5, அதாவது ஷார்ட் பிளக் வைத்தபோது இருந்த அதே அளவு.

இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. வெள்ளிக் கேபிளில் ஒரு மீட்டர் வெட்டி ரெக்கார்ட் பிளேயருக்குப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தார்கள், ஏனென்றால் கெப்பாசிட்டன்ஸுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கூசுவது ரெக்கார்ட் ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்தான். அதன் சுருளின் இன்டக்டன்ஸ் அரை ஹென்றி. டோன் ஆர்ம் ஒயர் 50, ஃபோனோ உள்ளீடு 150, வெள்ளிக் கேபிள் 280. மொத்தம் 480 பிக்கோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 10.3 கிலோஹெர்ட்ஸில் விழும். அங்கே ஒரு மேடு, அதற்கு மேல் செங்குத்தான சரிவு. வயலின் கீறலாகக் கேட்கும். மிச்சமிருந்த கோஆக்ஸில் ஒரு அடித் துண்டுகள்தான் இருந்ததால், புதிதாக ஒரு மீட்டர் ஜோடி செய்து அனுப்பினார்கள். மொத்தம் 254-ல் ஒத்ததிர்வு 14 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறியது.

ஆறு மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தபோது, தங்கப் பிளக்கில் கறுப்பு இல்லை. ஆம்ப்பின் நிக்கல் சாக்கெட்டில் மட்டும் லேசான மங்கல், ஆல்கஹால் பஞ்சில் போய்விட்டது. கெப்பாசிட்டன்ஸ் 322, 327. வெள்ளிக் கேபிள் அதன் வெல்வெட் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மங்கலைக் கண்டுபிடிக்க ஸ்கோப்பும் மீட்டரும் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. இரவும் மாலையும் என்று வீட்டார் சொன்னதுமே, குமிழ் எங்கே நிற்கிறது என்று கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். இப்போது அவர்கள் முதல் கேள்வியாக அதையே கேட்கிறார்கள். குமிழை ஏற்றி இறக்கினால் தெளிவு மாறுகிறதா என்பது செலவில்லாத சோதனை.

திரைக்குப் பின்னான சோதனையில், மாற்றும் பெட்டியைச் செய்வதற்கு முன்பே, விலக்கிவைத்த கேபிள் எதன்மேல் இன்னும் சுமையாக நிற்கிறது என்று தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.

பஃபரைத் தள்ளிவைத்தது மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. குமிழை நடுவரைக்கும் ஏற்றினால், இரு பாதியும் 25 கிலோ ஓமாகி, கோஆக்ஸிலும் 20 கிலோஹெர்ட்ஸில் 1.2 டெசிபல் போகிறது. வீட்டுக்காரர் அவ்வளவு சத்தம் வைப்பதில்லை. மகள் தனியாக இருக்கும்போது வைப்பதாகத் தெரிகிறது. சரியாகத் தனிமைப்படுத்திய சின்ன மின்மாற்றி கொண்ட பஃபர் ஒன்றைப் பெஞ்சில் கட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற பொங்கல் விடுமுறையில் அதை மாட்டி, ஹம் அளவு 0.5-லேயே நிற்கிறதா என்று முதலில் பார்ப்பதாகத் திட்டம்.